மாடத்தி போட்ட கல்யாணச் சட்டை

மோட்டாரு வராத காலமாம். ஏத்தம் போட்டுக் கடல்தண்ணிய எறைச்ச காலமாம். அப்ப உப்பாத்துமேட்டு உப்பளத்துல வேலை பாத்தவன் உச்சிமாகாளி. நமக்கெல்லாம் பூட்டன் அவன்தான். அவன் கட்டிக்கிட்டு வந்தவ மாடத்தி. வெத்தலைக் கொடிக்கால் ஊருக்காரி, நெழலுலயே வளந்தவ.

கல்யாணம் முடிஞ்ச எட்டாம் நாளு அளத்துல எறங்கிட்டா. அங்க வெயிலு ஒண்ணா ரெண்டா? மேல இருந்து ஒரு வெயிலு. உப்புல பட்டு கீழ இருந்து ஒரு வெயிலு. நாலே நாள்ல கையெல்லாம் கொப்புளம். கொப்புளம் ஒடைஞ்சு தோலு உரிஞ்சு, உப்புத்தண்ணி பட்டா உசுரு போகுதாம். அஞ்சாம் நாளு துணிய மூட்டை கட்டிட்டா.

"நான் எங்க ஆத்தா வீட்டுக்குப் போறேன். இனி வரமாட்டேன்."

உச்சிமாகாளி என்ன செஞ்சான்? போயி பொட்டியத் தொறந்தான். பாவி மனுசன்கிட்ட இருந்தது ஒரே ஒரு முழுக்கைச் சட்டை, கல்யாணச் சட்டை. அத எடுத்து நீட்டினான்.

"சேலைக்கு மேல இதப் போட்டுக்கிட்டு வாடி."

"ஆம்பளச் சட்டையா? ஊரே சிரிக்குமே!"

"சிரிக்கட்டும். சிரிச்சா தோலு உரியாது."

போட்டா. தலையில துண்ட முக்காடாக் கட்டுனா. அளமே சிரிச்சுதாம். "ஏ, புதுமாப்பிள்ளை வாறாரு, வழி விடுங்கடி!"ன்னு ஒரே கேலி. மாடத்தி அவ பாட்டுக்கு உப்பு வாருனா. பத்து நாள்ல புண்ணு ஆறிட்டு. மூட்டையும் அவுந்துட்டு.

ஆடியில கோயில் கொடைத் திருவிழா வந்துது. எல்லா ஆம்பளையும் சட்டையில நிக்காக. உச்சிமாகாளி மட்டும் வெறும் மேலோட நிக்கான்.

"ஏல, சட்டையப் பொண்டாட்டிக்குக் குடுத்துட்டு இப்படி நிக்கியே, வெக்கமா இல்ல?"ன்னு மச்சான்காரன் கேட்டானாம். உச்சிமாகாளிக்குத் தலை தொங்கிப்போச்சு.

மாடத்திக்குப் பொறுக்கல. வீட்டுக்கு ஓடுனா. உப்புக்கறை படிஞ்ச அதே சட்டையக் கூறைச்சேலைக்கு மேல போட்டுக்கிட்டு வந்தா. புருசன் பக்கத்துல நின்னு, முழங்கைக்கு மேல சுருட்டிவிட்டா.

"சட்டை எங்கன்னுதான கேட்டீக? இந்தா இருக்கு. என் கையப் பாருங்க, ஒரு கொப்புளம் உண்டா? இனி ஒங்க பொண்டாட்டிமாரு கையப் பாருங்க!"

ஆம்பளைக திரும்பிப் பாத்தாக. பாத்த யாரும் அதுக்குப் பொறகு சிரிக்கலியாம். மறுநாள் அளத்துல பதினோரு சட்டை எறங்குச்சாம்.

அன்னையிலருந்து எங்க ஊருல, தாலி கட்டின கையோட மாப்பிள்ளை தன் சட்டையக் கழட்டிப் பொண்ணுக்குப் போட்டுவிடணும். பொறகு வெறும் மேலோட ஊர்வலம் வரணும். மாட்டேன்னு சொல்றவனுக்கு இங்க பொண்ணு கெடையாது. இந்தா, அளத்துல இருந்து வாறாளே ஒங்க அத்தை, அவ போட்டிருக்கது என் சட்டைதான். காலரு கிழிஞ்சும் விடமாட்டேங்கா.