ஒன்பது கட்டளைகள்

எழுதிப் பழக்கமில்லாத நான் இதை எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுபதுகளில் ஒரு சனிக்கிழமை, ஈப்போவிலிருந்து ஆயர் தாவார் போகும் பஸ்ஸில், எனக்கு முன்னால் ரப்பர் மரம் சீவும் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“போதகர்கிட்ட பத்துக் கட்டளையும் ஒப்பிச்சியாக்கா?” என்றாள் இளையவள்.

“ஒன்பது சொன்னேன். ‘களவு செய்யாதே’ மட்டும் வாயில வரலே. தோட்டத்து விறகைக் கேக்காம எடுத்தது ஞாபகம் வந்துருச்சு.”

இளையவள் சிரித்தாள். “அப்ப நாளைக்கு உனக்கு ஞானஸ்நானம் இல்லைலா.”

“போதகரும் அப்படித்தான் சொன்னாரு. பத்தையும் காப்பாத்துறவளுக்கு இயேசு எதுக்கு, விறகு எடுத்தவளுக்குத்தானே செத்தாருன்னு கேட்டேன்.”

“அதுக்கு?”

“வேதத்தைப் புரட்ட ஆரம்பிச்சாரு. நான் நாளைக்குக் கட்ட வெள்ளைச் சேலையத் தேச்சு வச்சிட்டேன்.”

இறங்கும்போதும் அந்த மூத்தவரின் தலை நிமிர்ந்தே இருந்தது.

மறுநாள் எங்கள் ஆயர் தாவார் சபையில் அதே போதகர் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்.