கீழறையின் மேல் ஒரு வில்லங்கம்

இருந்தவர்கள் மூவர். மேசைக்குப் பின்னால் வக்கீலம்மா. எதிர் நாற்காலியின் நுனியில், ஹெல்மெட்டை மடியில் வைத்தபடி, கட்டட கான்ட்ராக்டர். ஜன்னலோரம், கம்ப்யூட்டர் முன்னால், குமாஸ்தா.

— இங்க பாருங்க, கட்டின கூலி பாக்கிக்காக கூடப்பிறந்த தங்கச்சி வீட்டு மேல வில்லங்கம் போட வந்தவர நான் இப்பதான் பாக்குறேன்.

— எழுதுங்கம்மா.

— லைசென்ஸ் நடப்புல இருந்துச்சா? காலாவதியான லைசென்ஸோட கட்டியிருந்தா ஒரு பைசா கேக்க முடியாது.

— வேலை தொடங்குறதுக்கு முன்னாடியே புதுப்பிச்சுட்டேன்.

— வில்லங்கம் பதியக் கெடு?

— இந்த வாரம் வரைக்கும் இருக்கு.

— சரி, என்னென்ன வேலைன்னு சொல்லுங்க. சார், அடிங்க.

— கீழ புதுசா ஒரு அறை. படி கிடையாது, சரிவுதான். சக்கர நாற்காலி ஏறணும்.

— அம்மா, இவர் குடுத்த பட்டியல்ல ஜன்னல் தரையிலேர்ந்து ஒன்றரை அடின்னு எழுதியிருக்காரே. பூனை எட்டிப் பாக்கவா?

— தங்கச்சி மக படுத்துக்கிட்டே தெருவப் பாக்கணும்னு கேட்டா சார். வெச்சதுக்கப்புறம் அவளே கேலி பண்ணினா. ‘மாமா, இது எனக்கா, பூனைக்கா’ன்னு.

— அதானே. பொண்ணு இப்ப அதுலதான் இருக்காளா?

— பூச்சு காயறதுக்குள்ள போயிட்டா சார்.

— ...மன்னிச்சுக்குங்க. தெரியாம கேட்டுட்டேன்.

— இருக்கட்டும். ஜன்னல் அளவ அப்படியே அடிங்க.

— தங்கச்சி வீட்டுக்காரர் ஏன் பணம் தரல? வேலையில குறை சொல்றாரா?

— ஒண்ணும் சொல்லல வக்கீலம்மா. உள்ள வந்து பாத்து, முடிஞ்சதுன்னு கையெழுத்துப் போடணும். மாப்பிள்ளை அந்தப் பக்கம் திரும்பறதே இல்ல. பின்கதவு வழியா வேலைக்குப் போறாரு.

— கொஞ்ச நாள் பொறுக்கக் கூடாதா?

— பொறுத்தா வீடு கைமாறிடும். வாங்க ஆள் வந்தாச்சு.

— ஓ. வித்த காசு அவங்க கைக்குப் போறதுக்குள்ள உங்க காச உருவிக்கணும்.

— அப்படியே வெச்சுக்குங்க.

— இங்க பாருங்க, வில்லங்கம் ஏறினா வாங்க வந்தவர் பின்வாங்கிடுவார். பத்திரத்துல தங்கச்சி பேரும் இருக்கு, அவங்களுக்கும்தான் நோட்டீஸ் போகும். அப்புறம் உங்க முகத்துல முழிப்பாங்களா?

— மாப்பிள்ளை முழிக்க மாட்டாரு.

— இது நிரந்தரமும் இல்ல. அவர் பணத்தக் கட்டிட்டா நீங்க எடுத்தாகணும்.

— கட்டறதுக்கு முன்னாடி கதவத் திறந்து உள்ள வந்து பாக்கணும்ல?

— பாக்கத்தான் வேணும்.

— அது போதும்மா.

— கல்லு மனசுதான் உங்களுக்கு. இங்க கையெழுத்துப் போடுங்க. சார், உறையில போடுங்க.

— ஒட்டிட்டேம்மா. தபாலாபீஸ் மூடறதுக்குள்ள ஓடறேன். என்ன கான்ட்ராக்டரே, போகவா, கிழிக்கவா?

— போங்க சார்.

— ...போயிட்டார். இனி நீங்க நினைச்சாலும் நிறுத்த முடியாது. ஆமா, பகல்ல தங்கச்சிதானே வீட்ல இருப்பாங்க? நோட்டீஸ வாங்க மாட்டேன்னு திருப்பி அனுப்பிட்டா?

— வாங்கிக்குவா. வீட்ட வாங்கறவர் காரு நிறுத்த அந்த அறையத்தான் இடிக்கப் போறாராம். ‘எப்படியாவது தடுத்துடுண்ணா, நான் கேட்டேன்னு மட்டும் அவருக்குத் தெரிய வேணாம்’னு நேத்து வந்து அழுதவளே அவதாம்மா.