ஜெராக்ஸ் அக்காவின் முன்மதிப்பீடு

தபாலில் படிப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. தூங்கினால் யாரும் சாக்பீஸ் எறிய மாட்டார்கள். ஐம்பத்திரண்டு வயதில் உளவியல் ஆலோசனைப் பட்டயப் படிப்பில் நான் சேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இன்னொரு காரணம், நான் நல்லவன் என்று நாலு பேர் சொல்லிக்கொண்டிருந்தது.

காப்பீட்டு அலுவலகத்தில் விபத்துக் கோப்புகளைப் பார்க்கும் தலைமை எழுத்தர் நான். புருஷனையோ பிள்ளையையோ பறிகொடுத்தவர்கள் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து அழுவார்கள். நான் தண்ணீர் தம்ளரை அவர்கள் பக்கம் நகர்த்தி வைப்பேன். இதைப் பார்த்த மேலாளர் ஒருநாள், "உங்களுக்கு மனுஷங்களப் படிக்கத் தெரியுது சார்" என்றார். நம்பிவிட்டேன். தம்ளரை நகர்த்துவதற்குப் படிப்பு தேவையில்லை என்று அப்போது தோன்றவில்லை.

முதல் பாடக் கட்டு வந்த வாரமே வீட்டு வாசலில் 'மனநல ஆலோசகர்' என்று பலகை மாட்டினேன். மனைவி அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"புஸ்தகத்துக்கு இன்னும் அட்டையே போடல. அதுக்குள்ள போர்டா?"

"படிச்சு முடிக்கறதுக்குள்ள பெயின்ட் காஞ்சுடும்."

"பக்கத்துல சின்னதா 'படித்துக்கொண்டிருக்கிறார்'னு போட்டுடுங்க. பாவம், யாராவது உள்ள வந்துடப் போறாங்க."

அவள் கேலிக்கு நியாயம் இருந்தது. அந்த நாட்களில் நான் சகிக்க முடியாதவனாக ஆகியிருந்தேன். தன் அக்காவிடம் போனில் அவள் சொல்லிக்கொண்டிருந்ததை நானே கேட்டேன்: "கேஸ் சிலிண்டர் தீந்துபோச்சுன்னு சொன்னா, 'அது உனக்கு எப்படி இருக்கு'ன்னு கேக்கறார்க்கா."

படிப்பின் கடைசிப் பகுதி செய்முறை. ஒருவரைப் பன்னிரண்டு அமர்வுகள் சந்தித்துப் பேசி அறிக்கை எழுத வேண்டும். எனக்குக் கிடைத்தவள், பாடங்களை நகலெடுக்க நான் போகும் கடையின் சொந்தக்காரி. முப்பத்தாறு வயது. கிழவர்கள்கூட அவளை ஜெராக்ஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நாலு மாதம் முன்பு அவள் கணவன் மோட்டார் சைக்கிளில் போய் லாரியில் அடிபட்டுச் செத்திருந்தான். அன்று மதியம், இயந்திரத்தில் மைப்பொடி தீர்ந்துவிட்டது, டோனர் வாங்கி வா என்று இவள் சொல்லியிருக்கிறாள். நாளைக்குப் பார்க்கலாம் என்றிருக்கிறான் அவன். இவள் கத்தியிருக்கிறாள். அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வண்டியை எடுத்திருக்கிறான். அவ்வளவுதான்.

அதன்பிறகு, இயந்திரத்தில் டோனர் விளக்கு எரிந்தாலே கடையை இழுத்து மூடிவிடுவாள். வாடிக்கையாளர் பாதி நகலோடு தெருவில் நிற்பார்.

பின்மதியத்தில் கூட்டமிருக்காது. பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து, பாடத்தில் சொன்னபடி முன்பக்கம் சாய்ந்து, தலையாட்டிக்கொண்டு கேட்டேன். மூன்று வாரம் தலையாட்டியதில் கழுத்து வலித்ததுதான் மிச்சம். அவள் அதே இடத்தில் நின்றாள்: "நான் அனுப்பலன்னா இருந்திருப்பார் சார்."

பிறகுதான் அவள் கணவனின் கோப்பு எங்கள் அலுவலகத்திலேயே இருக்கிறது என்பது ஞாபகம் வந்தது. எடுத்துப் பார்த்தேன். விபத்து நடந்தது ஏரிச் சாலையில்; எந்த இடம் என்று அவள் யாரையும் கேட்டுக்கொண்டதேயில்லை. டோனர் விற்கும் கடைத்தெரு அதற்கு நேர் எதிர்த் திசை. பின்னால் உட்கார்ந்திருந்த நண்பன் பிழைத்துக்கொண்டு, வாக்குமூலம் கொடுத்துவிட்டு, அவள் முகத்தில் விழிக்காமல் வெளியூர் போய்விட்டிருந்தான். மீன் பிடிக்கப் போவதாகக் காலையிலேயே பேசி வைத்திருந்தார்களாம். வண்டியில் இரண்டு தூண்டில்கள் கட்டியிருந்தன.

மறுநாள் அவளிடம் சொன்னேன்.

"தூண்டிலா?" என்றாள். கொஞ்ச நேரம் இயந்திரத்தின் மூடியைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்தாள். "பாருங்க சார் அந்த மனுஷன. நான் கத்தினதுல ரோஷப்பட்டுப் போறவர் மாதிரி போனார். ஏரிக்குப் போறதுக்கா அந்த நடிப்பு?" அதன்பின் வெகுநேரம் அழுதாள். அது வேறு அழுகை என்பது எனக்குக்கூடப் புரிந்தது.

அடுத்த வாரம் அவளே டோனரை மாற்றினாள். முழங்கை வரை கறுப்பு. "கழுவினாலும் போக மாட்டேங்குது சார்" என்று காட்டினாள், குழந்தை மருதாணிக் கையைக் காட்டுவதுபோல. இரண்டு மாதத்தில் சாயங்காலமும் கடை திறந்தாள். ஊரிலிருந்த அம்மாவைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். நான் செய்த ஒரே நல்ல காரியம் அது. அதில் உளவியல் எதுவும் இல்லை. ஒரு பக்கத்தைப் படித்துச் சொன்னேன், அவ்வளவுதான்.

அறிக்கை எழுத உட்கார்ந்தபோதுதான் இணைப்புப் படிவங்களைப் பார்த்தேன். முன்மதிப்பீட்டுத் தாள் ஒன்று, பின்மதிப்பீட்டுத் தாள் ஒன்று. இரண்டிலும் அதே இருபது கேள்விகள். முதலாவதை ஆலோசனை தொடங்கும் முன்பும், இரண்டாவதை முடிந்த பின்பும், வந்தவர் தன் கையால் குறித்துக் கையெழுத்திட வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் மதிப்பெண். நான் முதல் தாளை வாங்கவேயில்லை. படிவக் கட்டைப் பிரித்துக்கூடப் பார்த்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நேரில் நடக்கும் தொடர்பு வகுப்பில் வழிகாட்டி அம்மையாரிடம் கேட்டேன். முப்பது வருஷம் மனநலப் பிரிவில் வேலை பார்த்தவர். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"முதல் தாள் இல்லன்னா அறிக்கை செல்லாது. வேற ஆளை எடுத்துக்கங்க. அடுத்த பருவத்துல குடுங்க. ஒண்ணு மட்டும் சொல்றேன், நடக்காதத எழுதிடாதீங்க."

வேறு ஆள் என்றால் ஆறு மாதம். பலகை மாட்டி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. மேலாளர் வேறு ஊழியர் கூட்டத்தில், இனி யாருக்கு மன உளைச்சல் என்றாலும் சாரிடம் போகலாம் என்று அறிவித்துவிட்டார். அம்மையார் சொன்னதில் முதல் பாதியை விட்டுவிட்டு, இரண்டாம் பாதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். நடக்காததை எழுதக் கூடாது. இருபது கேள்விகளுக்கும் நானே டிக் போட்டு அவள் கையெழுத்தைக் கேட்டிருந்தால் சிரித்துக்கொண்டே போட்டிருப்பாள். எந்தக் கெடுதலும் நேர்ந்திருக்காது. ஆனால் நான் பொய்த் தகவல் எழுதுகிறவன் இல்லை. இருபத்தெட்டு வருஷ உத்தியோகத்தில் ஒரு எண்ணைத் திருத்தியது கிடையாது.

முதல் தாளில் வரும் அளவு உண்மையாக இருக்க வேண்டுமென்றால், அவள் பழையபடி ஆக வேண்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை முக்காலியில் உட்கார்ந்து, முன்பக்கம் சாய்ந்து, சொன்னேன். குரலை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான்காம் பாடத்தில் இருந்தது.

"ஒரு விஷயம் உங்ககிட்ட மறைச்சுட்டேம்மா. அந்த ஏரி, தூண்டில் எல்லாம் நானா சொன்னது. உங்களுக்கு ஆறுதலா இருக்கட்டும்னு."

அவள் அடுக்கிக்கொண்டிருந்த தாள்களைக் கீழே வைத்தாள்.

"வண்டியில டோனர் டப்பா இருந்திருக்கு. உடைஞ்சு, அவர் சட்டையெல்லாம் கறுப்புப் பொடியாம்."

அந்தக் கறுப்புப் பொடியை நான் முன்கூட்டி யோசித்து வைக்கவில்லை. பேச்சில் தானாக வந்தது. நன்றாக வந்திருக்கிறது என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. அப்போது கூசவில்லை.

அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். முந்தின நாள்தான் டோனர் மாற்றியிருந்தாள்.

மூன்று நாள் விட்டு முன்மதிப்பீட்டுத் தாளைக் கொண்டுபோனேன். அதுவரை பேசியதெல்லாம் அறிமுகப் பேச்சு, இனிமேல்தான் ஆலோசனை என்று எனக்கு நானே ஒரு வியாக்கியானம் செய்துகொண்டிருந்தேன். அவள் பேனாவை வாங்கி, ஒவ்வொரு கேள்வியாகப் படித்து, சரியாகக் குறித்தாள். அறுபதுக்கு நாற்பத்தேழு; எண் ஏற ஏற நிலைமை மோசம். பதினெட்டாம் கேள்வி, வாழ்ந்து பயனில்லை என்று தோன்றுகிறதா என்பது. 'எப்போதும்' என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தாள். அதற்குக் கீழே தடித்த எழுத்தில் ஒரு குறிப்பு: இவ்வாறு குறித்தவரைத் தனியே விடக் கூடாது, உடனே குடும்பத்தாருக்குத் தெரிவித்து மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். படித்தேன். படிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். மருத்துவரிடம் போனால் நோயாளி அவருடையவள் ஆகிவிடுவாள், என் அறிக்கை என்னாவது என்றும் நினைத்தேன். நாற்பத்தேழு நல்ல எண்ணாக இருந்தது. அதிலிருந்து பத்துக்குக் கொண்டுவந்தால் வித்தியாசம் முப்பத்தேழு.

கொண்டுவருவது எளிது என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையைத் திரும்பச் சொன்னால் போதும். ஒருமுறை பலித்த மருந்துதானே. அடுத்த அமர்விலேயே சொன்னேன்: தூண்டில்தான் நிஜம், டோனர்தான் பொய்.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தூண்டில்னு சொன்னதும் நீங்கதான் சார். பொடின்னு சொன்னதும் நீங்கதான். நான் எதைப் பிடிச்சுக்கறது?"

"சத்தியமா சொல்றேம்மா."

"எனக்காக ரொம்பக் கஷ்டப்படறீங்க" என்றாள். கேலியில்லை. "ஒண்ணு செய்யுங்க. அந்தப் பக்கத்த மட்டும் ஒரு நகல் எடுத்துட்டு வாங்க. என் கண்ணால பாத்துக்கறேன்."

"ஆபீஸ் கோப்ப வெளிய கொண்டுவரக் கூடாதும்மா."

அப்படி ஒரு விதி இருக்கிறது. ஆனால் மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் அந்தக் கோப்பை எடுத்துக்கொண்டு அலுவலக நகல் இயந்திரத்திடம் போனேன். யாரும் இல்லை. மூடியைத் திறந்து தாளைக் கவிழ்த்து வைத்தேன். பொத்தானில் விரல் இருந்தது. அப்போது தோன்றியது: இந்தப் பக்கம் அவளுக்கு இரண்டு விஷயங்களைச் சொல்லும். அவள் கணவன் தன் இஷ்டத்துக்குத்தான் போனான் என்பது ஒன்று. அவள் நன்றாகத் தேறியபின் வேண்டுமென்றே கீழே தள்ளியவன் நான் என்பது இன்னொன்று. ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்க அந்தத் தாளில் வழியில்லை.

தாளைக் கோப்பில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். இதுதான் நான் செய்தது. பொய் சொன்னதைவிட இது பெரிது என்று எனக்குத் தெரியும். பொய் சொன்னபோது நான் ஒரு முட்டாள். பொத்தானிலிருந்து விரலை எடுத்தபோது முட்டாள் இல்லை.

அடுத்த மூன்று அமர்வுகளில் தலையாட்டினேன். புதன்கிழமை கடை திறக்கவில்லை. வியாழக்கிழமையும் இல்லை. வெள்ளிக்கிழமை பக்கத்துத் தையற்காரர் ஆளைக் கூட்டிவந்து, கடைக்குப் பின்னாலிருந்த அவள் வீட்டின் கதவை உடைத்தார். அவளை வெளியே கொண்டுவந்தபோது நான் அலுவலகத்தில் இருந்தேன். கணவன் போன துக்கம் என்று தெரு முழுக்கப் பேசிக்கொண்டார்கள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்பதற்குச் சட்டத்தில் பிரிவும் இல்லை என்று நினைக்கிறேன். அறிக்கையை அனுப்பவில்லை. பலகையை மனைவி கழற்றினாள். ஏன் கழற்றினாய் என்று நான் கேட்கவில்லை. படிப்பை ஏன் விட்டீர்கள் என்று அவளும் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து ஜெராக்ஸ் அக்காவின் அம்மா அலுவலகத்துக்கு வந்தார். என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார். நான் தம்ளரை நகர்த்தினேன்.

"நீங்கதான் அவளுக்குத் தைரியம் சொல்லிட்டிருந்தீங்கன்னு சொல்லுவா. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் சார். மாப்பிள்ளைய அவதான் அனுப்பினாளா? கடைசி வரைக்கும் அதையே சொல்லிட்டிருந்தா. பெத்தவ நான், தெரிஞ்சுக்கணும்."

கோப்பு என் இடது கைப் பக்கத்து அலமாரியில், இரண்டாவது தட்டில் இருந்தது.

"ஆலோசனையில பேசினத வெளிய சொல்லக் கூடாதும்மா" என்றேன். "அது நான் அவங்களுக்குக் குடுத்த வாக்கு."

அவர் என்னையே பார்த்தார். பிறகு எழுந்து கை கூப்பினார். "அவ போனப்பறமும் அவ பேச்சக் காப்பாத்தறீங்க. உங்கள மாதிரி மனுஷங்க இருக்கறதாலதான் சார்" என்று ஆரம்பித்து, முடிக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நானும் கை கூப்பினேன். வெட்கத்தில் தலை தானாகக் குனிந்தது. அதை அவர் பணிவு என்று எடுத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை.