என்கொயரி கவுன்ட்டர்காரர்

பேன்ட்டுக்கு என்ன தம்பி, நல்லாத்தானே இருக்கு? மடிப்பு பிரியலை, ஜிப்பும் ஓடுது. இதை எதுக்குத் தையக்காரிகிட்ட தூக்கிட்டு வந்தீங்க? சும்மா முழிக்காதீங்க. காலையிலேர்ந்து பாக்குறேன், மருந்துக் கடை, சலூன்னு ஒரு இடம் விடலை நீங்க. எதிர் மாடியில இருக்கறவரைப் பத்தி என்கொயரி, அதானே?

அட, வெக்கப்படாதீங்க. கூடப் பொறந்த அக்காவைக் குடுக்கறவங்க விசாரிக்காம குடுப்பாங்களா? அந்தத் துணியை நகத்திட்டு உக்காருங்க.

மனுசன் தங்கம். அவர் வேலையே என்கொயரிதான். பஸ் ஸ்டாண்டுல கண்ணாடிக்குப் பின்னாடி உக்காந்துகிட்டு, எந்த வண்டி எப்போ, கழிப்பறை எங்க, மழை வருமான்னு கேட்டாக்கூட பதில் சொல்வார். உங்க அக்காவும் அங்க வண்டி கேக்கப் போய்தானே பழக்கம்? கேள்விப்பட்டேன். ஒரு தடவை அவர் மேலயே ஆபீஸ்ல என்கொயரி வெச்சாங்க. பதறாதீங்க, தப்புத்தண்டா ஒண்ணுமில்ல. கண்ணு தெரியாத பெரியவர் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போய் வண்டியில ஏத்தி விட்டார். சீட்டுல ஆளைக் காணோம்னு யாரோ போட்டுக் குடுத்துட்டாங்க. என்கொயரிக்கே என்கொயரியான்னு தெருவே சிரிச்சுது.

குடியா? ம்ஹூம். கை நீட்டறதா? சேச்சே. குறட்டை உண்டு. எனக்கு எப்படித் தெரியுமா? இருங்க, நூலைக் கோத்துக்கறேன்.

முதல் சம்சாரம் ஏன் போனாங்கன்னுதானே சுத்திச் சுத்தி வர்றீங்க? சலூன்காரர் என்ன சொன்னார், வாயாடின்னா? சொல்வார், சொல்வார். அவர் வாய் மட்டும் என்ன குறைச்சலாம்?

காரணம் சின்னதுதான் தம்பி. நாளெல்லாம் ஊருக்குப் பதில் சொல்லிட்டு வர்ற மனுசன், வீட்டுல ஒரு வார்த்தை கேக்க மாட்டார். சாப்ட்டியா, கிடையாது. கண்ணு ஏன் வீங்கியிருக்கு, அதுவும் கிடையாது. நாமளா கேட்டா டக்குன்னு பதில் வரும், இல்லைன்னா சுவருதான். சுவத்துகிட்ட எத்தனை நாள் பேசறது? பொட்டியைத் தூக்கிட்டு வாசல்ல நின்னப்பகூட எங்க போறேன்னு கேக்கலை. அதுதான் தாங்கலை.

யார் சொன்னாங்களா? போனதே நான்தானே.

அட, எந்திரிக்காதீங்க. வீட்டை விட்டுத்தான் வந்தேன், கடையை எதுக்கு விடணும்? வாடிக்கையெல்லாம் இந்தத் தெருவுலதான்.

போன வாரம் சட்டைக்குப் பட்டன் வைக்க வந்தார். குடுத்துட்டுப் போகாம நின்னார். அப்புறம், நீ நல்லா இருக்கியான்னு கேட்டார். ஊசி விரல்ல ஏறிடுச்சு எனக்கு. இத்தனை வருசமா இல்லாத பழக்கம், தானா வராது. உங்க அக்காதான் கேக்கக் கத்துக் குடுத்திருக்கணும். பொறாமையாத்தான் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். இருந்தாலும் தாராளமா குடுங்க. அவங்களுக்கு நல்லபடியா அமையும்.

நான் என்ன சொன்னேனா? நல்லா இருக்கேன்னேன். பின்ன, முதல் முதலா கேக்குற மனுசன்கிட்ட வேற என்ன சொல்றது?