ஓட்டுநரம்மாவின் வலது கால்

முகத்தில் முறுவலும் மனத்தில் பெருமிதமும் ஏந்தி இந்த மேடைக்கு ஒளியேற்றும் அவைத்தலைவர் அவர்களே! இந்த மருத்துவமனை ஒற்றை அறையாக இருந்த நாளிலேயே தோள் கொடுத்துத் தூக்கி நிறுத்திய பெரியோர்களே! இடுப்பில் பிள்ளையும் இதழில் புன்னகையுமாகக் கடைசி வரிசையில் நின்று கேட்கும் தாய்மார்களே! மாவுக்கட்டு அறையிலிருந்து வெள்ளை படிந்த கைகளோடு அப்படியே ஓடி வந்திருக்கும் என் சக ஊழியர்களே! ஊன்றுகோலை நாற்காலியில் சாய்த்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் என் நோயாளிகளே... இல்லை, இல்லை, என் நண்பர்களே! எலும்பு மருத்துவத்தையே பிழைப்பாகவும் பிரியமாகவும் கொண்ட இந்தப் பெண், உங்கள் எல்லோரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

புதிய நடைப்பயிற்சிக் கூடத்தைத் திறக்கும் இந்த நாளில், 'எலும்பு அறுவை மருத்துவத்தின் அடிப்படைகள்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். அழைப்பிதழைப் பார்த்ததும் என் கணவர் கேட்டார்: "உன் பேச்சு சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" முன்னாடி என்றேன். "அப்படின்னா அடிப்படையில பாதியை மட்டும் சொல்லு" என்றார்.

சிரிக்கிறீர்கள். பசி வந்துவிட்டது போலிருக்கிறது. சரி, நேராக எலும்புக்கே வருகிறேன்.

எலும்பு என்றால் என்ன? தோலுக்குள் தூங்கும் கட்டையா? தசையைத் தாங்கும் தடியா? கல்லா? கம்பா? இல்லை, என் அன்பானவர்களே, இல்லை! எலும்புக்கு உயிர் இருக்கிறது. எலும்புக்குள் இரத்தம் ஓடுகிறது. பழையதைக் கரைத்துக்கொண்டும் புதியதைக் கட்டிக்கொண்டும் ஓயாமல் உழைக்கும் உயிரணுக்கள் அதற்குள் குடியிருக்கின்றன. தோல் கிழிந்தால் தழும்பு நிற்கும். எலும்பு முறிந்தால், எல்லாம் நல்லபடியாக அமைந்தால், முறிந்த இடத்தில் மீண்டும் எலும்பே பிறக்கும்!

எப்படிப் பிறக்கிறது? எது அதைத் தடுக்கிறது? இதை நான் பாடமாகச் சொன்னால் நீங்கள் கொட்டாவி விடுவீர்கள். அதனால் ஒரு பேருந்து ஓட்டுநரம்மாவின் கதையாகச் சொல்கிறேன். அவரிடமும், தையற்கடை வைத்திருக்கும் அவர் கணவரிடமும் அனுமதி வாங்கியிருக்கிறேன். கணவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: "என்னை ரொம்ப மோசமானவனாக் காட்டிடாதீங்க, டாக்டரம்மா." காட்ட மாட்டேன், ஐயா. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

அன்றைக்கு நல்ல மழை. ஓட்டுநரம்மா வண்டியைக் கடைசி நிறுத்தத்தில் நிறுத்திவிட்டு இறங்கிச் சாலையைக் கடந்தார். ஈரத்தில் வழுக்கிய ஒரு இருசக்கர வண்டி அவர் மேல் வந்து மோதியது. முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, கீழ்ப்பக்கமாக, எலும்பு இரண்டானது. எந்தக் கால்? வலது கால். பிரேக் மிதிக்கும் கால். அவருடைய உத்தியோகம், ஊதியம், பெருமை எல்லாமே அந்தப் பாதத்தின் அழுத்தத்தில்தான் இருந்தது.

முழங்காலுக்குக் கீழே, காலின் முன்பக்கத்தைக் கொஞ்சம் தடவிப் பாருங்கள். பாருங்கள், பரவாயில்லை, மேடையில் தலைவரே தடவிப் பார்க்கிறார்! தோலுக்குக் கீழே உடனே எலும்பு தட்டுப்படுகிறதா? அங்கே சதைப்பற்று குறைவு. சதை குறைந்த இடத்தில் இரத்த ஓட்டம் குறைவு. இரத்தம் குறைந்த இடத்தில் எலும்பு மெதுவாகத்தான் கூடும். இது முதல் அடிப்படை: எலும்பை ஒட்ட வைப்பவர் மருத்துவர் அல்ல, இரத்தம்!

பின் மருத்துவருக்கு என்ன வேலை? விலகியதை நேராக்க வேண்டும். நேரானது நகராமல் பிடிக்க வேண்டும். அங்கே வரும் இரத்த ஓட்டத்தைக் கெடுக்காமல் இருக்க வேண்டும். பிறகு சீக்கிரமாக மனிதரை எழுப்பி நடமாட விட வேண்டும். நான் முழங்காலுக்குக் கீழே ஒரு சிறிய வெட்டுப் போட்டு, எலும்பின் உள்குழல் வழியாக ஒரு உலோகக் கம்பியைச் செலுத்தினேன். மேலே திருகாணி, கீழே திருகாணி என்று பூட்டினேன். முறிந்த இடத்தைத் திறக்கவே இல்லை. ஏன்? முறிந்த இடத்தில் உறைந்து நிற்கும் இரத்தம் இருக்கிறதே, அதுதான் புதிய எலும்புக்கு விதை. விதைத்த இடத்தைத் தோண்டிப் பார்க்கலாமா? வெட்டுவது ஒரு திறமை என்றால், வெட்டாமல் விடுவது அதைவிடப் பெரிய திறமை!

வீட்டுக்கு அனுப்பும்போது சொன்னேன்: "ஊன்றுகோல் பிடிச்சுக்கிட்டு, இந்தக் காலையும் கொஞ்சம் கொஞ்சமா தரையில ஊன்றி நடங்க." இருவரும் தலையாட்டினார்கள்.

மாதங்கள் போயின. மறுபடி எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பின் இரு முனைகளுக்கும் நடுவே கறுப்புக் கோடு அப்படியே இருந்தது. புதிய எலும்பின் வெள்ளை ஒரு துளிகூட அதன்மேல் படரவில்லை. எலும்பு கூடவில்லை.

"நடக்கிறீங்களா?" என்று கேட்டேன். "நடக்கிறேன், டாக்டர்" என்றார். அவர் முகம் என்னைப் பார்க்கவில்லை. இரண்டு பாதங்களையும் காட்டச் சொன்னேன். இடது பாதம் நன்றாகக் காய்த்திருந்தது. வலது பாதமோ பச்சைக் குழந்தையின் கன்னம் மாதிரி இருந்தது. தரையைத் தொட்டே பல மாதம் ஆகியிருந்தது அந்தப் பாதம்.

"ஒத்தக் கால்லதானே நடந்திருக்கீங்க?"

அவர் பதில் சொல்வதற்குள் தையற்காரர் முந்திக்கொண்டார். "நான்தான் விடலை, டாக்டரம்மா. காபி, சாப்பாடு எல்லாமே கட்டிலுக்கே கொண்டு போயிடுவேன். குளிக்கப் போகணும்னாலும் நானே தூக்கிட்டுப் போயிடுவேன். கால் நல்லா ஆகற வரைக்கும் தரையில படவே கூடாதுன்னு வெச்சிருந்தேன்."

அங்கே ஒரு அம்மா பக்கத்தில் இருப்பவரை முழங்கையால் இடிக்கிறார். "கேட்டுக்குங்க, இந்த மாதிரி ஒருத்தர் எனக்கு வாய்ச்சாரா!" என்கிறாரோ? பொறுங்கள் அம்மா, கதை முடியட்டும்.

நான் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினேன். தையற்காரர் நிம்மதியாகக் கேட்டார்: "எலும்பு ஒட்டலைன்னா என்ன? அதான் உள்ள கம்பி இருக்கே, அது தாங்காதா?"

"தாங்கும், கொஞ்ச காலத்துக்கு. ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் விடாம வளைச்சுக்கிட்டே இருந்தா என்ன ஆகும்?"

"ஒரு நாள் பட்டுன்னு போயிடும்."

"இதுவும் அப்படித்தான். கம்பி வாடகைக்கு வந்த ஆளு. எலும்புதான் வீட்டுக்குச் சொந்தக்காரர். சொந்தக்காரர் திரும்பி வர்ற வரைக்கும்தான் அது காவல் இருக்கும்."

அவர் விடவில்லை. "அப்ப நடக்காமலே இருந்துட்டா கம்பி உடையாதே?"

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. "கம்பி உடையாது. ஆனா எலும்பும் ஒட்டாது. இவங்க இனிமே பஸ்ஸும் ஓட்ட மாட்டாங்க."

ஓட்டுநரம்மா அப்போதுதான் நிமிர்ந்தார். "பணிமனையில இருந்து மேலதிகாரி வந்து பார்த்தாரு, டாக்டர். மேசை வேலை போட்டுத் தரேன், டிக்கெட் கட்டு எண்ணிக்கிட்டு உட்கார்ந்திருக்கலாம்னு சொன்னாரு. நல்ல மனசோடதான் சொன்னாரு. எனக்கு அழுகை வந்துடுச்சு. எங்க வீட்டு ஜன்னல் பக்கம்தான் பஸ் போகும். வளைவுல வண்டி சத்தம் கேட்டா, படுத்த படுக்கையிலயே என் வலது கால் மெத்தையை மிதிக்குது."

இரண்டு வழி இருப்பதாகச் சொன்னேன். இடுப்பிலிருந்து கொஞ்சம் எலும்பு எடுத்து முறிந்த இடத்தில் வைத்து, பெரிதாக ஒரு அறுவை செய்யலாம். இல்லையென்றால், கம்பியின் ஒரு முனையில் பூட்டியிருக்கும் திருகாணிகளைக் கழற்றிவிடலாம். கழற்றினால், கால் ஊன்றும்போது எலும்பின் இரு முனைகளும் ஒன்றையொன்று அழுத்தும். அந்த அழுத்தம்தான் உயிரணுக்களைத் தட்டி எழுப்பும். இது எல்லாருக்கும் பொருந்தாது. இவருக்குப் பொருந்தும். ஆனால் ஒரு நிபந்தனை: அவர் கட்டாயம் நடக்க வேண்டும்.

"கழட்டுங்க" என்றார் ஓட்டுநரம்மா. தையற்காரர் எழுந்து வெளியே போய்விட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. அதைப் பார்த்துவிட்டு அந்த அம்மா சொன்னார், இன்றைக்கும் என் காதில் நிற்கிறது: "அவரைத் திட்டாதீங்க, டாக்டர். அன்னிக்கு மழைன்னு குடையை எடுத்துக்கிட்டு என்னைக் கூப்பிட வந்தாரு. எனக்கு மோதினதுமே நினைவு போயிடுச்சு. கால் வளைஞ்சு கிடந்ததை நான் பார்க்கலை. அவர்தான் பார்த்தாரு. நான் காலைத் தரையில வெச்சாலே அவர் முகம் வெளிறிப் போயிடும். அதைப் பார்க்க முடியாமத்தான் நானும் வைக்காம இருந்துட்டேன்."

பார்த்தீர்களா, அன்பர்களே? முறிந்தது ஒரு கால்தான். அடிபட்டது இரண்டு பேருக்கு! காலுக்குக் கம்பி போட்டேன். கணவரின் கலக்கத்துக்கு யார் கட்டுப் போட்டது?

திருகாணிகளை எடுத்தோம். சின்ன வேலை. அடுத்து எங்கள் பழைய பயிற்சி அறை. அங்கே பயிற்சி தரும் அம்மையாருக்கு நோயாளிகள் வைத்திருக்கும் பெயர் உங்களுக்கே தெரியும்: 'இன்னொரு தடவை அக்கா'. கையைத் தூக்கினாலும் இன்னொரு தடவை, காலை மடக்கினாலும் இன்னொரு தடவை! அவர் ஒரு எடை பார்க்கும் கருவியைத் தரையில் வைத்தார். ஓட்டுநரம்மாவின் வலது பாதத்தை அதன்மேல் வைக்கச் சொன்னார். கதவோரம் ஒதுங்கி நின்ற தையற்காரரைக் கூப்பிட்டார்.

"இங்க வந்து உட்காருங்க சார். முள்ளு எங்க நிக்குதுன்னு நீங்கதான் பார்த்துச் சொல்லணும். நான் இவங்க முதுகைப் பிடிச்சிருக்கேன்."

வேறு வழியில்லாமல் வந்து குந்தினார். ஓட்டுநரம்மா மெல்ல அழுத்தினார். முள் அசைந்தது.

"வலிக்குதாம்மா?" என்றார் கணவர்.

"வலிக்குது. தாங்கற வலிதான். முள்ளைப் பார்த்துச் சொல்லுங்க."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எண்ணைச் சொன்னார்.

"இன்னொரு தடவை" என்றார் அக்கா. ஓட்டுநரம்மா அழுத்தினார். முள் முன்னைவிட அதிகம் நகர்ந்தது. கணவர் எண்ணைச் சொன்னார். கால் வளையவில்லை. கம்பி உடையவில்லை. வானம் இடிந்து விழவில்லை. அக்கா வாயைத் திறப்பதற்குள் தையற்காரரே தலையை நிமிர்த்திச் சொன்னார்: "ஏம்மா, இன்னொரு தடவை!"

கைதட்டுகிறீர்கள். அந்த அறையில் இருந்த எல்லாரும் அன்றைக்கு இப்படித்தான் தட்டினோம்.

அதன்பின் வீட்டில் தையற்காரர் காபி கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. அடுப்படியில் வைத்துவிட்டு, "ஆறிப்போகுது, எழுந்து வா" என்று கூப்பிட்டார். ஓட்டுநரம்மா இரண்டு ஊன்றுகோலோடு வந்தார். பிறகு ஒற்றை ஊன்றுகோலோடு வந்தார். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஒரு நாள் வெறுங்கையோடு வந்து, "சர்க்கரை போடலையே!" என்று சண்டை பிடித்தார். சண்டை பிடிக்கிறார் என்றால் குணமாகிறார் என்று பொருள். இது எங்கள் நூல்களில் இல்லாத அடிப்படை!

மறுபடியும் எக்ஸ்ரே எடுத்தோம். முறிந்த இடத்தைச் சுற்றி வெண்மேகம் போலப் புதிய எலும்பு புடைத்து நின்றது. முதலில் மெத்தென்று பிறந்து, மெல்ல இறுகி, சுமை போகும் திசை பார்த்துத் தன்னைத் தானே செதுக்கிக்கொள்ளும் எலும்பு. கறுப்புக் கோட்டைக் காணோம். தையற்காரர் படத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "ஆமாம், நல்லாத் தெரியுது" என்றார்!

கடைசியில் ஓட்டுநர் தேர்வு வந்தது. பணிமனைப் பரிசோதகர் காலி வண்டியில் அவரை உட்கார வைத்தார். கெஞ்சிக் கூத்தாடித் தையற்காரரும் வண்டியில் ஏறிக்கொண்டார். பதற்றத்தில் இருக்கையில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார். வண்டி வேகம் பிடித்தது. "நிறுத்துங்க!" என்றார் பரிசோதகர், எச்சரிக்கை எதுவும் இல்லாமல். வலது கால் மிதித்தது. வண்டி வேரூன்றி நின்றது. நம் தையற்காரர் மட்டும் நிற்கவில்லை. நாலு இருக்கை தாண்டிப் போய்க் கம்பத்தைக் கட்டிக்கொண்டார். நெற்றியில் சின்னப் புடைப்பு. எழுந்தார். அதைத் தடவிக்கொண்டே வண்டி அதிரக் கத்தினாராம்: "பிடிக்குதும்மா! பிரேக் நல்லாப் பிடிக்குது!"

இப்போது சொல்கிறேன், என் அருமைப் பெருமக்களே! விண்வெளியில் எடையில்லாமல் மிதப்பவரின் எலும்பு மெலிகிறது. ஏன்? தாங்குவதற்கு அங்கே பாரம் இல்லை. நாள்தோறும் மட்டை பிடித்து ஆடுபவரின் ஆடும் கை எலும்பு தடிக்கிறது. ஏன்? தாங்கித் தாங்கி அது தேறுகிறது. அளவான சுமை எலும்புக்குத் துன்பமா? இல்லை, உணவு! அளவான அழுத்தம் எலும்புக்கு ஆபத்தா? இல்லை, அழைப்பு! உங்கள் வீட்டில் ஒருவர் கால் முறிந்து கிடந்தால் கை கொடுங்கள், தோள் கொடுங்கள், துணை கொடுங்கள். ஆனால் மருத்துவர் நடக்கச் சொன்ன பிறகு, அவருடைய நடையை மட்டும் நீங்கள் பறித்துக்கொள்ளாதீர்கள்! அன்பு என்பது தூக்கிச் சுமப்பது மட்டுமா? விழுந்துவிடுவாரோ என்று உள்ளம் பதறும்போதும், ஓரடி தள்ளி நின்று, "வா, நான் இங்கேதான் இருக்கிறேன்" என்று சொல்வதும் அன்புதான். அதற்குத்தான் அதிகத் துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சலை இங்கே கூடியிருக்கும் ஒவ்வொரு குடும்பத்திலும் நான் பார்க்கிறேன்.

எலும்பைப் பற்றி ஒருத்தி இவ்வளவு நேரம் பேசியும் எழுந்து போகாமல் இருந்த உங்கள் பொறுமைக்கு என் நெஞ்சு நிறைந்த நன்றி. மேடை தந்த தலைவருக்கு நன்றி. மைக்கை இரண்டு முறை காப்பாற்றிக் கொடுத்த மின்பணியாளருக்குத் தனி நன்றி. கூடத்தின் கதவு திறந்தே இருக்கிறது. உள்ளே வழுக்காத தரை, இருபுறமும் பிடித்துக்கொள்ளக் கம்பிகள், எதிரே முகம் பார்க்கப் பெரிய கண்ணாடி. உள்ளே முதலில் போக வேண்டியவர்கள் மேடையில் இருக்கும் நாங்கள் அல்ல. ஊன்றுகோல் வைத்திருக்கும் நண்பர்களே, நீங்கள் முன்னே நடங்கள். நாங்கள் உங்கள் வேகத்துக்குப் பின்னால் வருகிறோம். வணக்கம்!