அப்ப நான் வரேன்

இரவு இரண்டு நாற்பது. நெடுஞ்சாலை. விளக்குக் கம்பம் இல்லை, டீக்கடை இல்லை, எதிரே ஒரு வண்டிகூட இல்லை... ஒரு காருக்குள் மூன்று பெண்கள் மட்டும்.

அன்று ராத்திரி நான் இப்படித்தான் ஆரம்பித்தேன். அதற்கு முன் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருந்தது வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி. மூன்றாவது மாடி. கரண்ட் போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. இரண்டு கட்டில்களை ஒட்டிப் போட்டு, ஒரே போர்வைக்குள் காலை நீட்டிக்கொண்டு ஐந்து பேரும் உட்கார்ந்திருந்தோம். சாயங்காலத்திலிருந்து ஒரே பேச்சுதான். அடுத்த சனி, ஞாயிறு ஏதாவது ஒரு பெரிய ஊருக்குப் போய்வர வேண்டும். அலாரம் வைக்கக் கூடாது. துணி துவைக்கக் கூடாது. மேனேஜர் கூப்பிட்டால் எடுக்கக் கூடாது. எந்த ரூம் என்பதுவரைக்கும் பேசி முடித்துவிட்டோம்.

எங்கள் அறைக்கு ஆறாவது ஆள் ஒருத்தி உண்டு. ரத்தப் பரிசோதனை செய்யும் இடத்தில் வேலை. லேப் அக்கா என்போம். அன்று அவளுக்கு நைட் டியூட்டி. அவள் இல்லாத தைரியத்தில் எங்களில் நர்ஸ் வேலை பார்ப்பவள் ஆரம்பித்தாள்.

"லேப் அக்கா வந்தா விடிய விடியக் குறட்டை. அப்புறம் எங்க ரெஸ்ட் எடுக்கறது? ட்ரிப்பே இல்லன்னு சொல்லிடலாம்."

யாரும் மறுக்கவில்லை. நர்ஸ் என் பக்கம் திரும்பினாள். "நீயே சொல்லிடு. நீ சொன்னா நம்புவா."

அந்த வார்த்தையை நான் ஏற்கெனவே ஒரு முறை கேட்டிருக்கிறேன்.

"முதல்ல ஒரு கதை கேளுங்க. என் அண்ணிக்கு நடந்தது" என்றேன். பேய்க் கதை என்று தெரிந்ததும் போர்வை நாலா பக்கமும் இழுபட்டது. அவர்களுக்குச் சொன்னபடியே சொல்கிறேன்.

என் அண்ணி அப்போது மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். பள்ளிக்கூட நாளிலிருந்து அவளுக்கு மூன்று சிநேகிதிகள். ஒருத்தி பேங்க்கில் இருந்தாள். ஒருத்தி டீச்சர். இன்னொருத்திக்குப் பெயர் தைலம். அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை, இவர்கள் வைத்தது. பஸ் ஏறினால் வாந்தி. கார் ஏறினால் வாந்தி. ஆட்டோ கொஞ்சம் வேகமாகத் திரும்பினாலும் முகம் வெளுத்துவிடும். அதனால் நெற்றியில் எப்போதும் தைலம். அவள் வருவதற்கு முன்னால் வாசனை வந்துவிடும். கையில் மடித்த பிளாஸ்டிக் கவர் ஒன்று இருக்கும், அவசரத்துக்கு. பேசும்போதெல்லாம் அதைக் கசக்கிக்கொண்டே இருப்பாள்... சரசர, சரசர. வண்டியில் ஜன்னலோரம்தான் உட்காருவாள். கண்ணாடியைச் சரியாக இரண்டு விரல் அளவு இறக்கி வைப்பாள்.

நாலு பேருமாக இரண்டு நாள் வெளியூர் போவதென்று ஏற்பாடு. மற்ற மூன்று பேருக்கும் வீடு, பிள்ளை, வேலை என்று மூச்சு விட நேரமில்லை. திட்டம் முழுக்கப் போட்டது தைலம். தெருமுனைக்கு அப்பால் போக யோசிப்பவள், மூன்று வாரம் உட்கார்ந்து ரூம் தேடினாள். தன் நம்பரைக் கொடுத்துப் பதிவு செய்தாள். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ஆளுக்கொரு காப்பி கொடுத்தாள். அண்ணியின் காப்பியை நான் பார்த்திருக்கிறேன். 'சனிக்கிழமை பத்து மணி வரை தூக்கம். யாரும் யாரையும் எழுப்பக் கூடாது. சாயங்காலம் ஆற்றோரம் நீங்கள் நடங்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்து பைகளைப் பார்த்துக்கொள்கிறேன்.'

பேங்க்காரி அப்போதுதான் புதுக் கார் வாங்கியிருந்தாள்.

"சீட்டு நாறிப்போச்சுன்னா அந்த வாடை போகவே போகாதுடி. பாதி நாள் அவளைத் தேத்தறதுலயே போயிடும்" என்றாள்.

"பாவம்டி" என்றாள் டீச்சர். அதைச் சொன்னதோடு அவள் கடமை முடிந்தது. என் அண்ணி வாயையே திறக்கவில்லை. தாளை மட்டும் மூன்று பேரும் பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி. அண்ணி வீட்டிலிருந்து தைலத்துக்குப் போன் போனது. பேங்க்காரிக்கு லீவு கிடைக்கவில்லையாம், பயணம் ரத்து என்று. அந்தப் பக்கத்தில் கவர் கசங்கியது... சரசர. தொண்டையைச் செருமினாள். அப்புறம், "சரி. அப்ப நான் வரேன்" என்றாள். வைத்துவிட்டாள்.

பத்து மணிக்குக் கார் கிளம்பியது. பேங்க்காரி ஓட்டினாள். டீச்சர் முன்னால். அண்ணி பின் சீட்டில் தனியாக. முதல் இரண்டு மணி நேரம் ஒரே சிரிப்பு. அப்புறம் பேச்சு தானாகத் தேய்ந்துவிட்டது.

இரண்டு நாற்பதுக்கு... கார் விளக்கில் ஒரு உருவம் தெரிந்தது. சாலையோரம் ஒரு கிலோமீட்டர் கல். அதன் பக்கத்தில் ஒரு பெண் குனிந்து நின்றாள். இடது கை இடுப்பில். வலது கையில் வெள்ளையாக ஏதோ ஒன்று காற்றில் படபடத்தது.

"யாரோ வாந்தி எடுக்கறாங்க போலிருக்கு. நிறுத்தலாமா?" என்றாள் டீச்சர்.

"இந்த நேரத்துல, இந்த ரோட்டுல, ஒத்தைப் பொம்பளை. வழிப்பறிக்காரன் வைக்கிற பொறி அது. பேசாம வா."

நியாயமான பேச்சுதான். யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் கார் அந்த உருவத்தைத் தாண்டிய அந்த ஒரு நொடியில் என் அண்ணிக்குத் தெரிந்துவிட்டது. இடுப்பில் கை வைத்துக் குனிகிற அந்த விதத்தை அவள் இருபது வருடமாகப் பார்த்திருக்கிறாள். தைலம் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பாள், இது வேறு யாரோ... என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வாயைத் திறந்து, நிறுத்து என்று மட்டும் சொல்லவில்லை.

இரண்டு கிலோமீட்டர் போயிருப்பார்கள். பின் சீட்டில் காற்று அடித்தது. அண்ணி உட்கார்ந்திருந்தது வலது பக்கம். இடது பக்க ஜன்னல் இறங்கியிருந்தது. இரண்டு விரல் அளவு.

"யாருடி அது ஜன்னலைத் திறந்தது? ஏசி ஓடுதுல்ல" என்று பேங்க்காரி முன்னாலிருந்தே பொத்தானை அழுத்தினாள். கண்ணாடி ஏறியது. ஒரு நிமிஷம்... ஸ்ஸ்ஸ் என்று மறுபடி இறங்கியது. அதே இரண்டு விரல். அவள் திரும்பவும் ஏற்றவில்லை. ஏனென்றால் அதற்குள் வாசனை வந்துவிட்டது.

தைலம். புதிதாகத் தேய்த்த தைலம். கண் எரிகிற அளவுக்கு.

மூன்று பேருக்கும் அடித்தது. மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் பயமாக இருக்கிறது. ஒருத்தியாவது 'என்னடி வாசனை இது' என்று கேட்டிருக்கலாம். கேட்டால் யாருடைய வாசனை என்று சொல்ல வேண்டிவரும். சொன்னால் வண்டியைத் திருப்ப வேண்டிவரும். டீச்சர் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். அண்ணியின் இடது பக்கத்தில், காலி சீட்டில்... சரசர. நின்றது. சரசர.

மூன்று ஐந்துக்கு எல்லாம் நின்றுவிட்டது. வாசனை படிப்படியாகக் குறையவில்லை, விளக்கை அணைப்பதுபோல் ஒரே அடியாகப் போயிற்று. ஜன்னல் மட்டும் ஊர் போய்ச் சேரும்வரை அப்படியே இருந்தது.

காலை ஒன்பது மணிக்குத் தைலத்தின் தம்பி அண்ணிக்குப் போன் செய்தான். அவள் முந்தின இரவு எட்டரை மணி பஸ்ஸில் ஏறியிருக்கிறாள். ஒன்றரை மணிக்குப் பஸ் வழியில் நின்றிருக்கிறது. மற்றவர்கள் பார்க்க வாந்தி எடுக்கக் கூச்சப்பட்டு, இருட்டில் கொஞ்ச தூரம் தள்ளிப் போயிருக்கிறாள். கண்டக்டர் தலை எண்ணவில்லை. பஸ் கிளம்பிவிட்டது. போன், பை எல்லாம் பஸ்ஸிலேயே. அதற்குப் பிறகு ஏதோ ஒரு வண்டி அடித்துவிட்டுப் போயிருக்கிறது. விடிந்துதான் பள்ளத்தில் கிடந்தவளைப் பார்த்தார்கள். கிலோமீட்டர் கல்லுக்குப் பக்கத்தில்.

இரண்டு காலும் முறிந்திருந்தன. அவளால் எழுந்து நின்றிருக்கவே முடியாது என்றார் டாக்டர். ஆனால் உயிர் உடனே போகவில்லை. மூன்று மணி வரைக்கும் இருந்திருக்கும் என்றார்.

நான் நிறுத்தினேன்.

"அப்ப இவங்க பாத்தப்போ..." என்றாள் நர்ஸ்.

"உயிர் இருந்துச்சு."

"உயிரோட இருக்கும்போது எப்படிப் பேயா வருவா?"

எனக்குத் தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியாது. யாராவது நிறுத்துங்கள் என்று சொல்லத்தான் அவள் எழுந்து நின்றாளோ என்னவோ. நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பாளா என்று அண்ணி அதற்குப் பிறகு எத்தனையோ டாக்டர்களைக் கேட்டுவிட்டாள். பிழைத்திருக்கலாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

"ட்ரிப் இல்லன்னு நம்பினவ எதுக்கு பஸ் ஏறினா?" என்று கேட்டது எங்களில் சின்னவள். பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பாள், ஆனால் ஒன்றையும் விடமாட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை நாலு மணிக்கே ரூம்காரர்கள் தைலத்தைக் கூப்பிட்டுவிட்டார்கள்; பிறகு அவர்களே சொன்னது. பதிவு செய்தது அவள் நம்பர் அல்லவா? இதை இவர்கள் யாரும் யோசிக்கவில்லை. 'மத்த மூணு பேரும் காலையில வந்துடறோம்னு சொல்லிட்டாங்க மேடம், நீங்க எப்ப வர்றீங்க?' என்று கேட்டிருக்கிறார்கள். ஆறு மணிக்குப் பொய் வந்தபோது அவளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் முழுக்கக் கேட்டுக்கொண்டாள். தம்பியிடம் அவர்களை விட்டுக்கொடுக்கவும் இல்லை. 'கார்ல இடம் பத்தலடா, நான் பஸ்ல போய்ச் சேந்துக்கறேன்' என்றாளாம்.

போகிறவர்களும் 'வரேன்' என்றுதான் சொல்வார்கள். கிளம்பி வருகிறவர்களும் அதையேதான் சொல்வார்கள்.

சின்னவள் விடவில்லை. "கவர் சத்தம், தொண்டையைச் செருமினது, கடைசியா சொன்னது... போன்ல கேட்டது இவ்வளவும் உனக்கு எப்படித் தெரியும்? யாரு பேசினது?"

ஏழு வருடமாக இதை ஒருவர்கூடக் கேட்டதில்லை. நானும் அந்த இடத்தை 'போன் போனது' என்று சொல்லித் தாண்டிவிடுவேன்.

"நான்தான்" என்றேன். "அண்ணி பொய் சொன்னா குரல் நடுங்கும். நீ சொன்னா நம்புவான்னு என்கிட்ட போனைக் கொடுத்தாங்க. எனக்குப் பத்தொன்பது வயசு. பெரியவங்க விஷயத்துல என்னையும் சேத்துக்கிட்டாங்கன்னு பெருமையா இருந்துச்சு. சிரிச்சுக்கிட்டே சொன்னேன்."

தைலம் வெறும் 'சரி' என்று சொல்லவில்லை. "சரிம்மா. அப்ப நான் வரேன்" என்றாள். என்னை எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவாள். அந்த 'ம்மா'வை மட்டும் நான் கதையிலிருந்து எடுத்துவிட்டிருந்தேன். காரில் மூன்று பேரிடமும் அவள் வந்தாள். வரேன் என்று சொன்னது என்னிடம். என்னிடம்தான் இன்னும் வரவில்லை.

யாரும் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து நர்ஸ் தலையணைக்கு அடியில் துழாவித் தன் போனை எடுத்தாள். லேப் அக்காவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி இந்நேரத்துல? கரண்ட் வந்துச்சா?"

"இல்லக்கா. அடுத்த சனிக்கிழமை ட்ரிப் போறோம். ஆறு பேரும். நீங்க கண்டிப்பா வரணும்."

"நான் குறட்டை விடுவேனேடி."

"விடுங்க. நாங்க காதுல பஞ்சு வச்சுக்கறோம்."

சின்னவள் முதலில் சிரித்தாள். பிறகு எல்லோரும். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். நெஞ்சில் ஏழு வருடமாகக் கிடந்த கல் கொஞ்சம் நகர்ந்த மாதிரி இருந்தது.

"சரிடி, வரேன்" என்றாள் லேப் அக்கா. "ஆமா, அது யாரு பக்கத்துல? ஆரம்பத்துலேருந்து கவரைக் கசக்கிக்கிட்டே இருக்கறது? நீ பேசறது பாதி காதுலயே விழல."

நர்ஸ் போனைக் கட்டிலின் நடுவில் வைத்தாள். ஒருவர் பின் ஒருவராகப் போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து வெளியே நீட்டினோம். போன் வெளிச்சத்தில் பத்துக் கைகளும் காலியாக இருந்தன.