என் வாயில் வராத நிறம்

குண்டு விழுகிறது. லயத்துக்குப் பின்னால் சாக்கடையில் கிடக்கிறேன். மகளைக் கீழே போட்டு மேலே கவிழ்ந்திருக்கிறேன். முதலில் ஒரு சீழ்க்கை. பிறகு தரை அதிர்கிறது. பிறகு ஓடுகள் சரிகிற சத்தம். அதுதான் நெடுநேரம் கேட்கும்.

1942, பிப்ரவரி. ஜொகூர் பாரு. ரயில்வே கூலிகள் குடியிருந்த லயம் அது. ஒரே வரிசையாகப் பத்து வீடுகள். சிங்கப்பூருக்குப் போகும் பாலத்தை உடைத்துவிட்டார்கள். இந்தக் கரையில் ஜப்பான்காரன். சிங்கப்பூர்க் கரையிலிருந்து துரைமார் பீரங்கி அடித்தார்கள். லயத்தில் எல்லோரும் அவர்களை நிறத்தை வைத்துத்தான் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். என் வீட்டுக்காரர் பெயரில் அந்த நிறம் இருந்தது. தாலி ஏறிய நாளிலிருந்து அந்தச் சொல் என் வாயில் வந்ததில்லை. அவர் வேட்டியைக்கூட 'பால் நிறம்' என்பேன். லயமே சிரிக்கும். எனக்கு அதில் பெருமைதான்.

கரையோரத்தில் யாரும் இருக்கக் கூடாது, உள்ளே தெப்ராவ் ஊரைத் தாண்டிப் போய்விட வேண்டும் என்று ஜப்பான்காரன் உத்தரவு. மூட்டை கட்டினோம். வழிக்குத் தண்ணீர் பிடிக்க அவர் குழாயடிக்குப் போனார். அப்போதுதான் முதல் குண்டு.

புகை. சுண்ணாம்புத் தூசி. நடுவே அவர் ஓடி வருகிறார். கத்துகிறேன்.

"ஏங்க! ஏங்க!"

கடைசி வீட்டுக்குள்ளிருந்தும் அதே கூப்பாடு. பாக்கியம். அவள் புருஷன் மாட்டுவண்டி தேடிப் போயிருந்தார். புருஷனைக் கூப்பிட எங்களுக்கெல்லாம் அந்த ஒரே சொல்தான். என் வீட்டுக்காரர் நின்றார். இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு கடைசி வீட்டுப் பக்கம் ஓடினார்.

"செல்லம்மா, வந்துட்டேன்!"

செல்லம்மா நான்தான்.

அவர் பெயர் என் தொண்டை வரை வந்தது. பெயரைச் சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். விழுங்கிவிட்டேன். இன்னும் உரக்க 'ஏங்க' என்றே கத்தினேன். அடுத்த குண்டு கடைசி வீட்டில் விழுந்தது.

பொழுது சாயும்போது பாக்கியத்தின் புருஷன் வந்தார். இருவரையும் அவர்தான் தோண்டி எடுத்தார். என் எதிரே வந்து கைகூப்பினார்.

"எம் பொஞ்சாதியக் காப்பாத்தத்தானே உள்ள போனாரு. அவரு தெய்வம், தங்கச்சி."

இல்லை அண்ணே, என்னைத் தேடித்தான் போனார். அப்படிச் சொல்லியிருக்க வேண்டும். தலையை ஆட்டினேன். அந்த மனிதர் சாகும்வரை வருஷா வருஷம் திதிக்குத் தேங்காய் கொண்டுவந்தார். நானும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன். பாக்கியத்தின் கூப்பாட்டுக்கு என் வீட்டுக்காரர் போனதில் எனக்குப் பொறாமை என்றுகூட ஒருமுறை தோன்றியது. அதற்கும் சேர்த்துத்தான் இந்தக் குற்ற உணர்ச்சி.

அன்று போனவை: ஆறு வீடுகள். குழாயடி. கட்டி வைத்த மூட்டைகள். இரண்டு பேர்.

ஒருத்தி பாக்கியம்.

இன்னொருவர் வெள்ளைச்சாமி. என் வீட்டுக்காரர். சொல்லிவிட்டேன். இனிக் குறைய அவருக்கு ஆயுசு இல்லை.